பூ கொட்டிய ஆர்க்கிட்டை என்ன செய்வது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

தை, மாசி முகூர்த்தங்கள் முடிந்து இரண்டு மூன்று மாதம் போனால் எனக்கு ஒரே மாதிரிக் கடிதங்கள் வரத் தொடங்கும். கல்யாணம், புதுமனை புகுவிழா, பணி ஓய்வு என்று எதற்குப் போனாலும் பூங்கொத்துக்குப் பதில் ஆர்க்கிட் தொட்டி கொடுப்பது இப்போது பழக்கமாகிவிட்டது. பெரும்பாலும் பெங்களூரிலிருந்தோ சென்னையிலிருந்தோ வந்து இறங்கும் செடி. பூ இரண்டு மூன்று மாதம் அசையாமல் நிற்கும். அது கொட்டும் நேரத்தில் சரியாகச் சித்திரை பிறந்திருக்கும். நம் வேலூர் மொட்டை மலைகள் ராத்திரி பத்து மணிக்கும் அனல் விட்டுக்கொண்டிருக்கும். ஆர்க்கிட்டுக்கு இதைவிடச் சோதனையான நேரம் கிடையாது.

அதனால் இந்த மாதப் பக்கம் முழுக்க ஆர்க்கிட்டுக்கு. ரோஜாக்காரர்களும் மல்லிகைக்காரர்களும் பொறுத்துக்கொள்ளவும்.

கேள்வி: பணி ஓய்வு நாளில் உடன் வேலை பார்த்தவர்கள் வெள்ளை ஆர்க்கிட் ஒன்று கொடுத்தார்கள். அழகான பீங்கான் தொட்டி. போன வாரத்தோடு கடைசிப் பூவும் விழுந்துவிட்டது. இப்போது நான்கு இலையும் ஒரு மொட்டைக் குச்சியும்தான் இருக்கின்றன. குச்சி பச்சையாகத்தான் இருக்கிறது. அடி இலை ஒன்று மஞ்சளாகிறது. குச்சியை வெட்டலாமா, விடலாமா? மருமகள் செடியையே தூக்கிப் போடச் சொல்கிறாள்.
– ஓய்வு பெற்ற செவிலியர், பாகாயம்

பதில்: தூக்கிப் போடாதீர்கள் அம்மா. மருமகளிடமும் நான் சொன்னதாகச் சொல்லிவிடுங்கள். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் அது ஃபெலனாப்சிஸ். பிலிப்பைன்ஸ், தைவான், இந்தோனேசியா பக்கத்துக் காடுகளில், பெரிய மரங்களின் நிழலில், கிளையிலோ அடிமரத்திலோ வேரைப் பற்றிக்கொண்டு வளரும் குடும்பம். மரத்தின் மேல் உட்காருமே தவிர, மரத்தின் சாற்றை உறிஞ்சாது. பல வருடம் வாழும். பூ கொட்டினால் அந்தப் பருவத்து வேலை முடிந்தது, அவ்வளவுதான். அடுத்த பூவுக்கான இலையையும் வேரையும் இனிமேல்தான் விடப்போகிறது.

முதலில் குச்சி. அது மஞ்சளாகவோ பழுப்பாகவோ காய்ந்துவிட்டால் யோசிக்க ஒன்றுமில்லை, அடியில் ஓர் அங்குலம் விட்டு வெட்டிவிடலாம். பச்சையாக இருந்தால் இரண்டு வழி உண்டு. குச்சியில் அடியிலிருந்து கணுக்களை எண்ணி, இரண்டாவது அல்லது மூன்றாவது கணுவுக்குக் கொஞ்சம் மேலே வெட்டினால், அந்தக் கணுவிலிருந்து பக்கக் கிளை வந்து மறுபடி பூக்கலாம். பூ கொஞ்சம் சிறிதாக, எண்ணிக்கையில் குறைவாக இருக்கும். ஆர்க்கிட் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இந்த வழியைத்தான் சொல்வார்கள். குளிர்ந்த ஊர்க்காரர்களுக்கு அது சரி. உங்கள் செடியில் இருப்பதோ நான்கு இலை, அதிலும் ஒன்று மஞ்சள். வெளியே கத்திரி வெயில். இந்த நிலையில் அதனிடம் இன்னொரு தடவை பூக் கேட்பது அநியாயம். அடியோடு வெட்டிவிடுங்கள் என்பதுதான் என் தீர்ப்பு. ஐந்தாறு இலையோடு திடமாக இருக்கும் செடி என்றால், அதுவும் ஆடிக்குப் பிறகு என்றால், கணுவுக்கு மேலே வெட்டிப் பார்க்கலாம்.

வெட்டும் கத்தியை ஸ்பிரிட்டில் துடைக்க வேண்டும், அல்லது தீயில் காட்டி ஆறவிட வேண்டும். ஆர்க்கிட் வைரஸ்கள் ஒரு செடியின் சாற்றிலிருந்து இன்னொரு செடிக்குக் கத்தி வழியாகத்தான் அதிகம் பரவும், மருந்தும் கிடையாது. கருவியைச் சுத்தம் செய்வதைப் பற்றி உங்களுக்கு நான் பாடம் எடுக்கத் தேவையில்லை. வெட்டின இடத்தில் சமையல் பட்டையைப் பொடித்து ஒரு சிட்டிகை தடவலாம், பூஞ்சை வராது. வேரில் மட்டும் அதைத் தூவக்கூடாது, வேரைக் காயவைத்துவிடும்.

அடி இலை ஒன்று மட்டும் மெதுவாக மஞ்சளாவது வயதால்தான். அது தானாக உதிரட்டும், இழுத்துப் பிய்க்காதீர்கள். நடு இலை மஞ்சளானாலோ, இரண்டு மூன்று இலைகள் சேர்ந்து தொளதொளவென்று தொங்கினாலோ வேரில் கோளாறு. எப்படி இருந்தாலும் வேரைப் பார்த்துவிடுங்கள். பீங்கான் தொட்டிக்குள் இன்னொரு பிளாஸ்டிக் தொட்டி இருக்கும், அதை வெளியே எடுங்கள். பெரும்பாலும் கண்ணாடி போல உள்ளே தெரியும். ஆர்க்கிட் வேரைச் சுற்றிப் பஞ்சுத் தன்மையுள்ள ஓர் உறை உண்டு. ஈரம் இருந்தால் வேர் பச்சையாகத் தெரியும், காய்ந்தால் வெள்ளி நிறமாகும். இரண்டும் நல்ல வேர்தான். பழுப்பாகி, விரலால் அழுத்தினால் குழைந்து, உள்ளே நார் மட்டும் கையில் வந்தால் அது அழுகிய வேர்.

எனக்கு வரும் ஆர்க்கிட் புகார்களில் பாதிக்கு மேல் அந்தப் பீங்கான் தொட்டியில் போய் முடியும். அதற்கு அடியில் ஓட்டை இருக்காது. ஊற்றின தண்ணீர் அடியில் தேங்கும், மேலே பார்த்தால் காய்ந்த மாதிரி இருக்கும், இன்னும் கொஞ்சம் ஊற்றுவோம். போதாக்குறைக்கு நர்சரியில் வேரைச் சுற்றி ஸ்பாக்னம் பாசியை அழுத்தி அடைத்து அனுப்புகிறார்கள். வெளிப்பாசி சருகாகக் காய்ந்திருக்கும்போதும் நடுவில் கைவைத்தால் சொதசொதவென்று இருக்கும். தண்ணீர் குறைந்து செத்த ஃபெலனாப்சிஸை நான் அதிகம் பார்த்ததில்லை. அன்பு மிகுந்து செத்தவை ஏராளம்.

வேர் நன்றாக இருந்தால் கத்திரியில் தொட்டி மாற்ற வேண்டாம். ஆனி, ஆடியில் ஒன்றிரண்டு மழை விழுந்து சூடு தணிந்ததும் மாற்றலாம். அதுவரை பீங்கானை மட்டும் ஒதுக்கிவைத்து, உள்தொட்டியை ஒரு தட்டில் கூழாங்கல் பரப்பி அதன்மேல் வையுங்கள். கல்லுக்கு அடியில் தண்ணீர் நிற்கலாம், தொட்டியின் அடி அதைத் தொடக்கூடாது. அழுகல் தெரிந்தால் மட்டும் காலம் பார்க்காமல் இன்றைக்கே மாற்றுங்கள். பாசியைத் தண்ணீரில் ஊறவைத்து மெதுவாகப் பிரித்தெடுத்து, அழுகின வேரை எல்லாம் வெட்டி, செடியை ஒரு நாள் நிழலில் ஆறவிட்டுப் பிறகு நடுங்கள்.

எதில் நடுவது? மண் கூடவே கூடாது. பைன் மரப்பட்டைத் துண்டு முக்கால் பங்கு, அடுப்புக்கரி கால் பங்கு, கொஞ்சம் செங்கல் ஜல்லி. கரி இஸ்திரி வண்டிக்காரரிடமே கிடைக்கும், எரிக்காத கரியாகக் கேட்டு வாங்குங்கள். பைன் பட்டை வேலூரில் எல்லா நர்சரியிலும் இருக்காது, சொல்லிவைத்தால் பெங்களூரிலிருந்து வரவழைத்துத் தருவார்கள். கிடைக்கவில்லையா, தேங்காய் மட்டையை ஓர் அங்குலத் துண்டுகளாக நறுக்கி, மூன்று நான்கு நாள் தண்ணீரை மாற்றி மாற்றி ஊறவைத்துப் பயன்படுத்தலாம். மட்டையில் உப்பு இருக்கும், ஊறவைக்காமல் போட்டால் வேர் நுனி கருகும். தொட்டி பழைய அளவிலேயே இருக்கட்டும். பெரிய தொட்டி என்றால் ஈரம் அதிகம், ஈரம் அதிகம் என்றால் மறுபடி அழுகல்.

தண்ணீருக்குக் கிழமை வைத்துக்கொள்ளாதீர்கள். வேர் வெள்ளியாகி, தொட்டியைத் தூக்கினால் எடை குறைந்திருந்தால் ஊற்ற வேண்டிய நேரம். காலையில் சமையலறைத் தொட்டியில் வைத்து, கலவை முழுக்க நனைய ஒரு நிமிடம் ஊற்றி, நன்றாக வடியவிட்டுப் பிறகு இடத்தில் வையுங்கள். பட்டைக் கலவை என்றால் இந்த வெயிலுக்கு மூன்று நான்கு நாளுக்கு ஒரு தடவை வரும். பாசி என்றால் வாரம் ஒன்று கூடத் தாங்கும். இலைகள் சேரும் நடுக்குழியில் தண்ணீர் நின்றால் குருத்து அழுகும். இந்தச் செடிக்குக் குருத்து ஒன்றே ஒன்றுதான், அது போனால் செடி மேற்கொண்டு வளர வழியில்லை. தப்பித் தவறி விழுந்துவிட்டால் துணி நுனியால் ஒற்றி எடுங்கள்.

எந்தத் தண்ணீர் என்பதும் முக்கியம். தண்ணீரில்லாத ஆறு என்று நம் ஊரைக் கேலி செய்வார்கள். ஆற்றில் இல்லாமல் போர் குழாயில் வருகிறதே, அதில் உப்பைப் பார்த்தால் குடம் கூட வெள்ளை பூத்துவிடுகிறது. ஆர்க்கிட் வேருக்கு அந்த உப்பு ஆகாது. மழைத் தண்ணீர் முதல் தரம். அடுத்தது ஆர்.ஓ. தண்ணீர், ஏ.சி.யிலிருந்து சொட்டுகிற தண்ணீர். காவிரிக் குழாய் வரும் வீடு என்றால் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளலாம்.

வெளிச்சத்துக்குக் கிழக்கு ஜன்னல். காலை வெயில் லேசாகப் படலாம். மேற்குச் சுவர் பக்கமே போகாதீர்கள், அந்தச் சுவர் ஏழு மணிக்குத் தொட்டாலும் சுடும். இலை கருகரு பச்சையாக இருந்தால் வெளிச்சம் போதவில்லை, ஓரம் சிவந்தால் வெளிச்சம் அதிகம், புல் பச்சை சரியான நிறம். உரத்துக்குக் கடையில் கிடைக்கும் 19-19-19 (தழை, மணி, சாம்பல் சத்து சம அளவில் உள்ள உரம்) போதும். லிட்டருக்கு அரை கிராம். மூன்று முறை உரத் தண்ணீர், நான்காவது முறை வெறும் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுங்கள். காய்ந்த வேரில் உரம் ஊற்றக்கூடாது, முதலில் நனைத்துவிட்டுப் பிறகு.

இனி உங்கள் கேள்வியில் இல்லாத கேள்வி: மறுபடி எப்போது பூக்கும்? வெப்பம் 28 டிகிரிக்கு மேலேயே இருந்துகொண்டிருந்தால் ஃபெலனாப்சிஸ் இலை விடும், பூத்தண்டு விடாது. 25 டிகிரிக்குக் கீழே சில வாரங்கள் தொடர்ந்து கிடைத்தால்தான் அதற்குப் பூக்கும் எண்ணம் வரும். வேலூரில் அது கார்த்திகையில் தொடங்கும், மார்கழி ராத்திரியில் 20க்கும் கீழே இறங்கும். அந்த மாதங்களில் செடியை ஜன்னலை ஒட்டி வைத்து, இரவில் ஜன்னலைத் திறந்துவையுங்கள். நாம் போர்த்திக்கொள்வதுபோல அதற்கும் எதையாவது மூடிவைக்காதீர்கள், அப்படிச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். இலை இடுக்கிலிருந்து புதிதாக ஒன்று நீளும். நுனி உருண்டு வழவழவென்றிருந்தால் வேர், தட்டையாகக் கூம்பி மேல்நோக்கி எழுந்தால் பூத்தண்டு. தண்டு தெரிந்த நாளிலிருந்து பூ விரிய ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும்.

கேள்வி: மாடியில் டென்ட்ரோபியம் வைத்திருக்கிறேன். ஊதாவும் வெள்ளையும் கலந்த பூ. பூ முடிந்து, பழைய குச்சிகளில் இலையும் கொட்டிவிட்டது. மொட்டையாக நிற்கும் குச்சிகளை வெட்டினால் புதுக் குச்சி வேகமாக வரும் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறார். ரோஜாவைக் கவாத்து செய்வதுபோல் செய்யலாமா?
– கைலி வியாபாரி, குடியாத்தம்

பதில்: பக்கத்து வீட்டுக்காரர் கத்தரிக்கோலோடு மாடிக்கு வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தத் தடித்த குச்சிதான் செடியின் சேமிப்பு. தண்ணீரும் சத்தும் அதற்குள் இருக்கின்றன. இலை இல்லாவிட்டாலும் அடியில் கிளம்பும் புதுக் குச்சிக்குச் சாப்பாடு போவது பழைய குச்சியிலிருந்துதான். போன வருடம் பூத்த குச்சியே உச்சிக் கணுவில் மறுபடி பூப்பதும் உண்டு. காய்ந்த பூக்காம்பை மட்டும் அது குச்சியோடு சேரும் இடத்தில் வெட்டுங்கள். குச்சி சுருங்கி, பழுப்பாகி, அழுத்தினால் உள்ளே காலியாக இருந்தால் அப்போது அதை எடுக்கலாம்.

ஃபெலனாப்சிஸுக்கு நான் சொன்ன அடக்கி வாசிக்கும் வேலையெல்லாம் இதற்கு வேண்டாம். இந்த வகையின் முன்னோர் வடக்கு ஆஸ்திரேலியா, நியூகினி பக்கத்தவர்கள். வெயிலும் சூடும் பழகினவர்கள். நம் ஊருக்கு ஏற்ற ஆர்க்கிட் எது என்று கேட்டால் நான் யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன். 50 சதவீத நிழல் வலைக்குக் கீழே நல்ல வெளிச்சத்தில் வையுங்கள். வெளிச்சம் குறைந்தால் குச்சி ஒல்லியாக நீளும், பூக்காது. புதுக் குச்சி வளரும் மாதங்களில், அதாவது இப்போதிருந்து ஐப்பசி வரை, கோடையில் தினமும் கூடத் தண்ணீர் ஊற்றலாம், கலவை சட்டென்று வடிவதாக இருந்தால். மார்கழியில் குறைத்துக்கொள்ளுங்கள்.

தொட்டிக்கு மண் தொட்டி உத்தமம். காட்பாடிக்குப் பக்கத்தில் கரிகிரியில் மண்பாண்டம் செய்பவர்களிடம், பக்கவாட்டிலும் ஓட்டை வைத்துத் தரச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். என் சத்துவாச்சாரி மாடியில் டென்ட்ரோபியம் எல்லாம் மண் தொட்டியில்தான் இருக்கின்றன. ஈரம் மண் வழியாக ஆவியாவதால் வேர் குளிர்ச்சியாக இருக்கிறது. கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டி மே மாத மாடியில் தொட முடியாத சூட்டில் இருக்கும். தொட்டி சிறிதாக இருக்கட்டும், குச்சிகள் நெருக்கியடித்து நின்றால்தான் நன்றாகப் பூக்கும். காற்றுக்குச் சாயாமல் இருக்க அடியில் கனமான செங்கல் துண்டு போடுங்கள்.

கேள்வி: ஆர்க்கிட்டுக்குத் தண்ணீருக்குப் பதில் வாரம் மூன்று ஐஸ் கட்டி வைத்தால் போதும் என்று கேள்விப்பட்டேன். உண்மையா?
– வாசகர், ராணிப்பேட்டை

பதில்: ஐஸ் வைத்ததால் மட்டும் செடி சாகாது. கொஞ்சம் கொஞ்சமாக உருகுவதால் அளவுக்கு மேல் தண்ணீர் போகாது, அதுதான் அதில் உள்ள சூட்சுமம். ஆனால் அது மூடின அறையில், குளிர்ந்த ஊரில் வாழும் செடிக்கான கணக்கு. ராணிப்பேட்டை மே மாதத்தில் மூன்று கட்டித் தண்ணீர் கலவையின் மேல் பாதியைக் கூட நனைக்காது. நம் தண்ணீரில் இருக்கும் உப்பையும் அது கழுவி வெளியேற்றாது. ஐஸை மோரில் போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: அரிசி கழுவிய தண்ணீர், வாழைப்பழத் தோல் ஊறவைத்த தண்ணீர், முட்டை ஓடு எல்லாம் ரோஜாவுக்குப் போடுகிறேன். குலுங்கக் குலுங்கப் பூக்கிறது. பூ முடிந்த ஆர்க்கிட்டுக்கும் போட்டால் தெம்பு வருமா? பதில் போட்டால் மக்கன் பேடா அனுப்புகிறேன்.
– இல்லத்தரசி, ஆற்காடு

பதில்: பேடா அனுப்பலாம், முகவரி இதழிலேயே இருக்கிறது. அரிசித் தண்ணீரை ரோஜாவுக்கே தொடர்ந்து ஊற்றுங்கள்.

மண்ணில் கோடிக்கணக்கில் நுண்ணுயிர்கள் இருக்கின்றன. நீங்கள் போடும் தோலையும் ஓட்டையும் மக்கவைத்து வேருக்கு ஏற்றபடி மாற்றித் தருவது அவைதான். ஆர்க்கிட் தொட்டியில் மண்ணே இல்லை. மரப்பட்டையும் கரியும் காற்றும்தான். அதில் அரிசிக் கஞ்சியை ஊற்றினால் மாவுச்சத்து பட்டையில் ஒட்டிப் புளிக்கும், சின்னக் கொசு போன்ற ஈ மொய்க்கும், எறும்பு குடியேறும், பட்டையும் சீக்கிரம் மக்கிப்போகும். பட்டை மக்கினால் வேருக்குக் காற்று போகாது. முட்டை ஓடு கரைவதற்குள் செடிக்குத் தொட்டி மாற்றும் காலமே வந்துவிடும். வாழைத்தோல் தண்ணீரும் அதே கதைதான்.

பூத்து முடிந்த செடிக்குத் தெம்பு கொடுக்க வேண்டும் என்று எல்லாருக்கும் தோன்றுகிறது, பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியச் சாப்பாடு கொடுத்த ஊர் இது. ஆர்க்கிட் மட்டும் பசியோடு வளர்ந்த செடி. காட்டில் மழை கழுவிக்கொண்டுவரும் தூசும் சருகுச் சத்தும்தான் அதற்கு ஆகாரம். மேலே சொன்ன அரை கிராம் உரமே தாராளம்.

கேள்வி: அம்மா வீட்டிலிருந்து ஹாஸ்டல் அறைக்கு ஃபெலனாப்சிஸ் கொண்டுவந்தேன். பூ கொட்டிய குச்சியின் கணுவில் மறுபடி மொட்டு என்று நினைத்தேன். இப்போது பார்த்தால் இரண்டு குட்டி இலை. இது என்ன? பிய்த்து நடலாமா?
– கல்லூரி மாணவர், காட்பாடி

பதில்: தம்பி, அது குட்டிச் செடி. ஆர்க்கிட் வளர்ப்பவர்கள் கெய்க்கி என்பார்கள். சூடு அதிகமானால் பூவாக வேண்டிய கணு சில நேரம் இப்படிச் செடியாகிவிடும், உன் ஹாஸ்டல் அறையின் வெப்பத்தை நான் ஊகிக்கிறேன். இப்போது பிய்க்காதே. வேர் இல்லாமல் நட்டால் காய்ந்துவிடும். இரண்டு மூன்று இலையும், ஐந்து முதல் எட்டு சென்டிமீட்டர் நீளத்தில் இரண்டு மூன்று வேரும் வரட்டும். அதற்குப் பல மாதம் ஆகலாம். அதுவரை குச்சியை வெட்டாதே. பிறகு குச்சியில் இரண்டு பக்கமும் ஓர் அங்குலம் சேர்த்து வெட்டி, சின்னத் தொட்டியில் ஈரப் பாசியில் நட்டுவிடு. பூக்க இரண்டு மூன்று வருடம் பிடிக்கும். உன் படிப்பு முடியும்போது பூத்தால் அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடு, செடி ஒன்றுக்கு இரண்டாகத் திரும்பிவிடும்.

தாய்ச்செடி சோர்ந்து, வேர் இல்லாமல், சாகும் நிலையிலும் சில நேரம் குட்டி விடும். அதனால் தாயின் வேரையும் ஒரு தடவை பார்த்துவிடு.

கேள்வி: எங்கள் வீட்டு ஃபெலனாப்சிஸ் நாங்கள் ஒன்றுமே செய்யாமல் வருடாவருடம் பூக்கிறது. வேலூரில் இருக்கும் அக்கா வீட்டில் அதே கடையில், அதே நாளில் வாங்கின செடி இரண்டு வருடமாக இலைதான் விடுகிறது. நான் ஏதோ மருந்து போட்டு மறைக்கிறேன் என்று சண்டைக்கு வருகிறாள்.
– வாசகி, ஏலகிரி

பதில்: மருந்து உங்கள் மலைதான். ஏலகிரி கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,100 மீட்டர் உயரம், வேலூர் சுமார் 200 மீட்டர். ஆயிரம் மீட்டருக்கு ஆறு டிகிரி அளவுக்குச் சூடு குறையும் என்பது பொதுக்கணக்கு. அக்கா வீட்டுச் செடிக்கு மார்கழியில் மட்டும் கிடைக்கும் குளிர் ராத்திரி உங்கள் செடிக்குப் பல மாதம் கிடைக்கிறது. இன்னொன்றும் உண்டு. கள்ளி, அன்னாசி வகைகளைப் போல ஃபெலனாப்சிஸும் இலைத்துளைகளை ராத்திரியில்தான் திறந்து கரியமில வாயுவை உள்ளே இழுக்கும். ராத்திரி புழுங்கினால் செடி பகலில் சேர்த்ததை மூச்சுவிட்டே செலவழித்துவிடும்.

அக்காவுக்கு இரண்டு யோசனை. இரவில் ஏ.சி. போடும் அறை இருந்தால், கார்த்திகையிலிருந்து சில வாரம் செடியை அந்த அறையில், காற்று நேராக அடிக்காத மூலையில் வைக்கலாம். பகலில் ஜன்னலுக்கு வந்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ஐப்பசியில் செடியை ஏலகிரிக்கு ஏற்றிவிடட்டும். பூத்தண்டு ஒரு சாண் வந்ததும் நீங்கள் கீழே கொண்டுபோய்க் கொடுங்கள். சண்டையும் தீரும், போக்குவரத்தும் இருக்கும்.

கேள்வி: ஜமுனாமரத்தூர் போகும் வழியில் மரக்கிளைகளில் ஆர்க்கிட் தொங்குகிறது. நல்ல வாசனை. கடையில் வாங்கின செடி பூத்து ஓய்ந்துவிட்டது. காட்டுச் செடி என்றால் நம் வெயிலுக்குத் தாங்கும் அல்லவா? ஒரு கொத்து எடுத்துவந்து வீட்டு மாமரத்தில் கட்டலாம் என்று நினைக்கிறேன்.
– வாசகர், போளூர்

பதில்: வேண்டாம் ஐயா. மஞ்சள் கலந்த பழுப்பு இதழில் கட்டம் கட்டமாகக் கோடும், நடுவில் ஊதா நிற நாக்கும் இருந்தால் அது வாண்டா டெஸ்ஸெல்லேட்டா. கிழக்குத் தொடர்ச்சி மலைகளில் இயற்கையாக இருப்பது. காப்புக்காட்டிலிருந்து செடியைப் பெயர்த்து எடுப்பது தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம், 1882லிருந்து இருக்கிற சட்டம் அது. சட்டத்தை விடுங்கள். ஆர்க்கிட் விதை தூசியைவிடச் சின்னது, முளைப்பதற்கான உணவு அதனுள் இல்லை. விழுந்த இடத்தில் அதற்கேற்ற பூஞ்சை இருந்து ஊட்டினால்தான் முளைக்கும். நீங்கள் ஒரு கையில் பிய்க்கும் கொத்து அந்தக் கிளையில் வளர்ந்து நிற்பதற்குப் பல வருடம் ஆகியிருக்கும். கிளையில் ஒட்டின வேரைப் பிரிக்கும்போதே பாதி அறுந்துவிடும், வீட்டுக்கு வந்து மெதுவாகச் சாகும்.

1922இல் நட்சன் என்ற அமெரிக்க விஞ்ஞானி, பூஞ்சை இல்லாமலே சர்க்கரை சேர்த்த கூழில் ஆர்க்கிட் விதையை முளைக்கவைத்துக் காட்டினார். அதற்குப் பிறகு ஆய்வுக்கூடத்துக் கண்ணாடிக் குடுவைகளில் ஆயிரக்கணக்கில் வளர்க்க முடிந்தது. நாம் கடையில் வாங்குவது அந்தக் குடுவைப் பிள்ளைகளைத்தான். வாண்டா கலப்பு வகைகளும் நர்சரியில் கிடைக்கின்றன. மரச்சட்டக் கூடையில் கலவையே இல்லாமல் வேர் தொங்கத் தொங்க மாட்டிவைத்து, தினமும் வேர் பச்சையாகும் வரை நனைக்க வேண்டும். அதை மாமரத்தில் தென்னை நாரால் தாராளமாகக் கட்டுங்கள். காட்டு ஆர்க்கிட்டைப் பார்க்க ஆசை என்றால் ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறது, போய்ப் பாருங்கள். உங்கள் சொந்த நிலத்து மரமே புயலில் விழுந்து, அதில் ஆர்க்கிட் இருந்தால், அந்தக் கிளைத் துண்டோடு அறுத்து இன்னொரு மரத்தில் கட்டலாம்.

கேள்வி: இலை இடுக்கிலும் அடியிலும் வெள்ளையாக மாவு மாதிரி இருக்கிறது. பூ இருந்தபோது கவனிக்கவில்லை.
– வாசகி, ஆரணி

பதில்: மாவுப்பூச்சி. பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து ஒவ்வொன்றாகத் துடைத்தெடுங்கள். வாரம் ஒரு முறையாக நான்கு வாரம் விடாமல் செய்ய வேண்டும், முட்டை பொரிந்து பொரிந்து வரும். எறும்பு ஏறுகிறதா என்று பாருங்கள், இந்தப் பூச்சியை ஒரு செடியிலிருந்து இன்னொன்றுக்குச் சுமந்து போவது அதுதான். வேப்பெண்ணெய் அடிப்பதாக இருந்தால் சாயங்காலம், லிட்டருக்கு ஐந்து மில்லி, கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்து. வெயிலில் அடித்தால் இலை வெந்துவிடும்.

கேள்வி: ஒரு வருடம் பொறுமையாகக் காத்திருந்து, உங்கள் பழைய பதில்படி எல்லாம் செய்து, பூத்தண்டும் வந்தது. மொட்டு பட்டாணி அளவு வந்ததும் மஞ்சளாகி ஒவ்வொன்றாக விழுகிறது. செடி சாப்பாட்டு மேஜையில், நாங்கள் எல்லாரும் பார்க்கிற மாதிரி இருக்கிறது. தண்ணீர், வெளிச்சம் எல்லாம் சரிதான். செடியை வேறு அறைக்கு மாற்றட்டுமா?
– வாசகி, ஆம்பூர்

பதில்: நீங்கள் அனுப்பிய படத்தில் செடிக்குப் பக்கத்திலேயே பழக்கூடை இருக்கிறது. ஒரு சீப்பு வாழைப்பழம், மேலே மாம்பழம். பழுக்கும் பழம் எத்திலீன் என்ற வாயுவை விடும். பழத்தைப் பழுக்கவைப்பதும் அதுதான், ஆர்க்கிட் மொட்டை உதிர்ப்பதும் அதுதான். ஊதுபத்திப் புகை, சாம்பிராணிப் புகையிலும் அது உண்டு, அதனால் பூஜை அலமாரிப் பக்கமும் மொட்டுள்ள செடி வேண்டாம். மொட்டு விட்ட செடியை இடம் மாற்றினாலும், வெளிச்சத்தின் திசை திடீரென்று மாறினாலும் மொட்டு கொட்டும். செடி இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். பழக்கூடையைச் சமையலறைக்கு அனுப்பிவிடுங்கள்.